நானூறு தப்படி, ஒன்பது வருஷம்

வெளிநாடு போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் வெளிநாட்டிலிருந்து சொந்த ஊருக்குப் போய் வந்ததை எழுதுகிறேன். மஸ்கட்டிலிருந்து அம்பத்தூர் மேனாம்பேட்டுக்கு, ஆறு நாள் விடுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் என் ஆறாம் வகுப்பு வாத்தியாரைக் கேளுங்கள். ஏழாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைத் தெரியாது.

இந்தப் பயணத்தைக் கிளப்பிவிட்டது ஒரு கல்.

ஓமனில் நான் தண்ணீர்க் கிணறு தோண்டும் ரிக்கில் குழாய் மாட்டுகிற ஆள். அதற்கு முன்னால் மேனாம்பேட்டில் சொந்தமாக போர் போட்டுக்கொண்டிருந்தேன். சொந்தம் என்றால், வண்டி ஒருத்தருடையது, கம்பிரசர் இன்னொருத்தருடையது, வாய் மட்டும் என்னுடையது. ஓமனில் எங்கள் இன்ஜினீயர் ஒரு வங்காளி. ஒரு மதியம் பூமிக்குள்ளிருந்து எடுத்த உருளைக் கல் ஒன்றை மேசைமேல் படுக்க வைத்தார். சப்பாத்திக் கட்டை மாதிரி இருந்தது. தன் கிளாசிலிருந்து ஒரு சொட்டு டீயை அதன்மேல் விட்டார். சொட்டு கல்மேல் நிற்கவில்லை, வழியவும் இல்லை. உள்ளே போய்விட்டது.

"கல்லு டீ குடிக்குது சார், ஒரு பிஸ்கட்டும் குடுங்க" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்துவிட்டு இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "கல்லுக்குள் காலி இடம் இருக்கிறது. ஒரு காலி இடத்துக்கும் அடுத்ததுக்கும் வழி இருந்தால் தண்ணீர் நடக்கும். மணலில் ஒரு நாளில் போகிற தூரத்தைக் களிமண்ணில் ஒரு ஆயுளிலும் போகாது. பாறையில் வெடிப்பு இருந்தால் வெடிப்பு வழியாகப் போகும். அந்தப் பக்கம் யாராவது மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் சீக்கிரம் போகும். புறப்பட்டது எங்கேயாவது போய்ச் சேரும். அதற்கு வேறு வேலை இல்லை."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் அப்புறம் டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஒன்றைப் புறப்பட வைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ராணி அக்காவின் குரல் வாட்ஸப்பில் வந்தது. "ஏழுமலை, நீ போட்ட போர்ல தண்ணி மஞ்சளா வருதுடா, துரு போல. லீவு கெடச்சா வந்து பாரு. வேற யாரையும் நம்பி உள்ள கைய வைக்க விட மாட்டேன்."

வேற யாரையும் நம்ப மாட்டாராம்.

ராணி அக்கா மதுரைப் பக்கம். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மனைவி. குவார்ட்டர்ஸில் பாதி வாழ்க்கை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு மேனாம்பேட்டில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். அவர் இப்போது இல்லை. அக்கா இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கே விற்கிறார். அந்த வீட்டு போர் நான் போட்டது. நூற்றுப்பத்து அடியில் துருப்பிடித்த மாதிரி பழுப்புக் கல்தூள் வந்தது. உடனே தண்ணீர் பீறியது. இளநீர் தோற்கும். நான் போட்டதிலேயே நல்ல போர் அதுதான்.

ஒரு மாதம் கழித்து, அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தொழிற்பேட்டையில் ஒரு குரோம் பிளேட்டிங் பட்டறைக்கு போர் போட்டேன். அதே ஆழம், அதே பழுப்புத் தூள். அங்கே கம்பிரசரில் காற்றை ஊதினதும் இங்கே அக்காவின் போர் ஏப்பம் விட்டது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் பொங்கி அவர் காயப்போட்ட புடவையெல்லாம் நனைந்துவிட்டது. மாவுக் கையோடு பட்டறைக்கே ஓடிவந்து என்னைத் திட்டினார். ஒரே வெடிப்பில் இரண்டு போரும் உட்கார்ந்திருக்கின்றன என்று அப்போதே எனக்குத் தெரியும். பெருமையாக நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அடுத்த கோடையில் மேட்டிலிருந்த பட்டறை போர் வற்றிப்போனது, பள்ளத்திலிருந்த அக்காவின் போர் தப்பியது. முலாம் கழுவின மஞ்சள் தண்ணீரை எங்கே விடுவது என்று முதலாளி தலையைச் சொறிந்தார். "அந்தச் செத்த போர்லயே ஊத்துங்க சார், பூமி குடிச்சிக்கும்" என்றேன். "எங்க போவும்?" என்று கேட்டார். "எங்கியாச்சும் போவும் சார், நமக்கு இன்னா?" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு பழைய பெயிண்ட் டப்பாவின் அடியை வெட்டி, போர் வாயில் புனலாக மாட்டிக்கொடுத்தேன். அந்த மனிதருக்கு என்மேல் ரொம்பப் பிரியமாகிவிட்டது. தன் மைத்துனரிடம் பேசி எனக்கு ஓமன் விசா வாங்கித் தந்தார்.

ஆக, நான் வெளிநாடு போனது அந்தப் புனல் வழியாகத்தான்.

முதல் நாள்

விமானத்தில் பேரீச்சம்பழப் பாக்கெட் உடைந்து பெட்டிக்குள் என் சட்டையெல்லாம் பாகு. ஊருக்கு இனிப்போடு வருகிறவன் என்று பெயர் வாங்கலாம். அம்பத்தூரில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். டிரைவர் என் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, துபாய் பார்ட்டியா?"

"மஸ்கட்."

"எல்லாம் ஒண்ணுதான். அங்க தண்ணியே கெடியாதாமே?"

இருக்கிறது, மலை வயிற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நேரம் வைத்துப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் சொன்னார்: "இங்க அந்தப் பிரச்சன இல்ல. யாருக்கு எவ்ளோ ஆழம் முடியுமோ அவ்ளோ உறிஞ்சிக்கலாம்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ பள்ளத்தில் இறங்கிவிட்டது. சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம், முந்தின வாரத்து மழை இன்னும் அதில் நிற்கிறது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினேன், அதாவது தள்ளுகிற மாதிரி நின்றேன். பள்ளத்தின் ஓரத்தில் மண் அடுக்கு தெரிந்தது. மேலே நிரவின மண், கீழே சாம்பல் களிமண். களிமண் இருந்த பக்கம் தண்ணீர் அப்படியே குளமாக நின்றது. இந்தப் பக்கம் மணல் கலந்த இடத்தில் துளி இல்லை, எல்லாம் இறங்கிவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா அண்ணாத்தே, பள்ளத்துல பொண்ணு எதுனா கீதா? தள்ளு!" என்றார் டிரைவர்.

ராணி அக்கா வாசலிலேயே நின்றார். "கறுத்துட்டடா" என்றார். அது நான் பிறந்தபோதே நடந்தது என்றேன். உட்கார வைத்து இட்லி போட்டார். வெள்ளை வெளேரென்று நாலு இட்லி, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். மஸ்கட் கேம்ப்பில் நான் கனவில் தின்றது அதைத்தான்.

"மாவுக்கு எந்தத் தண்ணிக்கா?"

"அரிசி களையறது போர்த் தண்ணி. ஊற வைக்க கேன் தண்ணி. என்னடா கேள்வி? ஆறிடும், சாப்பிடு."

பரிமாறிய கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ஆறாத புண் இரண்டு மூன்று. "சோப்பு ஒத்துக்கல" என்றார். டாக்டர் களிம்பு கொடுத்தாராம், களிம்புக்குப் பிறகு மறுபடி அரிசி களைவாராம்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் நாலு இட்லியையும் தின்றேன். இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றேன். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லையே.

சாப்பிட்டு வெளியே வந்தால் சுவரில் என் பெயர். போர் போட்டவன் அந்த வீட்டுச் சுவரில் விளம்பரம் எழுதிக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். 'ஏழுமலை போர்வெல். இனிப்பான நீருக்கு' என்று நீலப் பெயிண்டில் நானே எழுதியது. 'இனிப்பான'வில் ஒரு சுழி குறைவு. அதற்குக் கீழே ஒரு குழாய். தெருக்காரர்களுக்காக அக்கா வெளியே வைத்துக் கொடுத்தது. ஒரு அம்மா குடம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள்

பூந்தமல்லியிலிருந்து ஜாகீர் வந்தான். மோட்டார் மெக்கானிக். அந்தக் காலத்தில் என் கூட்டாளி, நான் துளை போடுவேன், அவன் மோட்டார் இறக்குவான். அவன் மனைவி கொடுத்தனுப்பிய பிரியாணியும் வந்தது. ஒரு தூக்கு நிறைய, மேலே அவித்த முட்டை இரண்டு. ஓமனிலும் பிரியாணி உண்டு, பொட்டலம் பொட்டலமாக அரிசி. இதை அங்கே யாரிடமாவது காட்டினால் நாடு கடத்திவிடுவார்கள், பொறாமையில்.

அக்கா மாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டதும், முக்காலி நிறுத்தி, கப்பி போட்டு, மோட்டாரை மேலே இழுத்தோம். குழாய்க்குக் குழாய் கழற்றிச் சுவரோரம் சாய்த்தோம். என் முதுகு மூன்றாவது குழாயிலேயே ராஜினாமா செய்தது.

"மஸ்கட்ல மிஷினே தூக்கிடுமா மச்சான்? இங்க மிஷின் நீதான்" என்றான் ஜாகீர்.

கடைசிக் குழாயிலிருந்து வடிந்ததை ஒரு வெள்ளை மக்கில் பிடித்தான். வெயிலில் தூக்கிப் பார்த்தான். எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி நிறம்.

"இன்னா மாமே இது, ஜூஸ் கடை போட்டு வுட்டுட்டியா?" என்று சிரித்தவன், குழாய்களை எண்ணிவிட்டு நிமிர்ந்தான். "மோட்டாரு இவ்ளோ கீழ ஏன் கீது? நான் மொதல்ல எறக்குனது இவ்ளோ இல்லியே."

"போன வருஷம் தண்ணி கொறஞ்சிருச்சு" என்றார் அக்கா, மாவு வாளியோடு வாசலில் நின்று. "ஏழுமலைதான் போன்ல சொன்னான், இன்னும் நாப்பது அடி இறக்கச் சொல்லி. அவன் சொல்லித்தான் வேற ஆள வச்சு இறக்குனேன். அப்புறம் நல்லா வந்துச்சு."

நான்தான் சொன்னேன். மஸ்கட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னேன். இன்ஜினீயர் சொன்னாரே, அந்தப் பக்கம் யாராவது இழுத்தால் சீக்கிரம் போகும் என்று. இழுக்கச் சொன்னதும் நானே.

ஜாகீர் மக்கைக் கீழே கொட்டப் போனான். பிடுங்கி ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூடினேன். இன்ஜினீயரிடம் காட்டலாம் என்று.

"ஞாபகம் கீதா மச்சான்?" என்றான் அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "நீ அங்க பட்டறைல காத்து ஊதுனே, இங்க அக்கா போரு ஏப்பம் வுட்டுச்சு. அக்கா புடவையெல்லாம் போச்சு!"

அக்காவும் சிரித்தார். "பாவி, புதுப் புடவைடா அது."

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அந்தக் கதையில் மீதி இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும், ஜாகீருக்குக்கூடத் தெரியாது.

மூன்றாம் நாள்

பட்டறையைப் பார்க்கப் போனேன். பட்டறை இல்லை. மூடி நாலு வருஷம் ஆகிவிட்டதாம். இப்போது பார்சல் கிடங்கு. வாட்ச்மேன் ஒரு பெரியவர், நாற்காலியில் பாதியும் ஸ்டூலில் மீதியுமாக உட்கார்ந்திருந்தார். இங்கே ஒரு பழைய போர் இருந்ததே என்றேன்.

"பின்னால கீது. நீ ஈபி ஆளா?"

"இல்ல, போர் போட்டவன்."

"போட்டுட்டு இப்பதான் வரியா? நல்லா வந்தே."

பின்னால் போனேன். என் பெயிண்ட் டப்பா அங்கேயே இருந்தது. துருப்பிடித்து, ஆனால் உறுதியாக. நான் செய்த வேலைகளில் ஒன்பது வருஷம் உழைத்தது அது ஒன்றுதான். டப்பா வாயைச் சுற்றிச் சிமெண்டு மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. மொட்டை மாடியிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இறங்கி அதற்குள்ளே போயிருந்தது.

"அது இன்னா குழாய் பெரியவரே?"

"மழைநீர் சேகரிப்பு" என்றார் பெருமையாக. "மாடில பெய்யுற மழை ஒரு சொட்டு வெளிய போவாது. எல்லாம் உள்ளதான். ஆபீசர் வந்து போட்டோ புடிச்சிக்கினு போனாரு."

பெரியவர் செய்தது நல்ல காரியம்தான். நல்ல மழை, நல்ல குழாய். ஆனால் நான் அடைத்து வைத்த விஷத்தை ஒவ்வொரு மழையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது, அக்கா வீட்டுப் பக்கமாக. குழாயை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஓனரைக் கேளு. நான் உன் பேச்சக் கேட்டு எடுத்தா என்னிய வேலைலருந்து எடுத்துடுவாங்க."

அங்கிருந்து அக்கா வீட்டுக்கு நடந்தேன். அடி எண்ணிக்கொண்டே. நடுவில் ஒரு பஜ்ஜிக் கடை, வாழைக்காய் பஜ்ஜி இரண்டு, ஒரு டீ. அதையும் சேர்த்துக் கால் மணி நேரம். நானூறு தப்படி, பத்துப் பன்னிரண்டு கூட இருக்கும், பஜ்ஜிக் கடையில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

காற்று ஒரு நிமிஷத்தில் போன வழி. அந்தத் தண்ணீர் ஒன்பது வருஷம் நடந்திருக்கிறது. ரோட்டுக்கு அடியில், பஜ்ஜிக் கடைக்கு அடியில், உதிர்ந்த பாறையில் துவாரம் துவாரமாக, வெடிப்பில் அடைத்த களிமண்ணை நக்கி நக்கி. நான் கடல் தாண்டிச் சம்பாதித்து, மீசை வைத்து, மீசை எடுத்து, தொப்பை போட்டேன். அதற்குள் அது அக்கா வீட்டு வாசலுக்கு வந்து தன்னைக் காட்டிவிட்டது. எனக்கு வாய் இருக்கிறது, மூன்று நாளாக அவர் வீட்டுத் தின்பண்டத்தைத் தவிர வேறெதற்கும் அதைத் திறக்கவில்லை.

நான்காம் நாள்

காலையில் அக்கா கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல ஜோக்கில்தான் ஆரம்பித்தேன்.

"அக்கா, உன் போருக்குள்ள ஒரு திருடன் பூந்துட்டான். அவன இங்க அனுப்பி வச்சதே நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. கிரைண்டரை நிறுத்தினார். சத்தம் நின்றதும் எனக்கு ஜோக்கும் நின்றுவிட்டது. பட்டறை, செத்த போர், பெயிண்ட் டப்பா, விசா, நாற்பது அடி, எல்லாம் சொன்னேன். அது என்ன தண்ணீர், கையில் புண் ஏன் ஆறவில்லை என்று எனக்குத் தோன்றுகிறதோ அதையும் சொன்னேன். அவர் மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"அன்னைக்கு என் போரு பொங்குச்சே. ரெண்டும் ஒண்ணுன்னு அப்பவே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் அதுல ஊத்தச் சொன்ன."

"அப்ப நெனச்சுப் பாக்கலக்கா. பூமி பெருசுன்னு..."

"வந்த அன்னைக்கு ஆறு இட்லி தின்னியே. இந்தத் தண்ணின்னு தெரிஞ்சேதான தின்ன?"

"ஆமாக்கா."

"வெஷம்னு தெரிஞ்சு தின்னுட்டு, அப்பவும் வாயத் தொறக்கல. எனக்கு அதுதான்டா தாங்கல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். புடவைக்கு அவ்வளவு திட்டியவர். இதற்குத் திட்டவில்லை. எழுந்துபோய் அரைத்த மாவு முழுவதையும் ஒரு சாக்கில் கொட்டிக் கட்டினார். உள்ளேயிருந்து ஒரு கறுப்புப் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"சுவத்துல உன் பேரு இருக்குல்ல? அதுக்குக் கீழயே எழுது."

எழுதினேன். 'இந்தத் தண்ணீர் குடிக்கக் கூடாது. சமைக்கக் கூடாது.' எழுத்துக் கூட்டுவதற்குள் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். தொட்டியில் மிச்சமிருந்ததைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்த அதே அம்மா படித்துவிட்டுக் கேட்டார், "யாருய்யா எழுதச் சொன்னது?" மேலே நீலத்தில் இருந்த பெயரைக் காட்டினேன். "இவுரு வெளிநாட்ல கீறாரு இல்ல?" என்றார். நான்தான் அது என்றேன். அவர் குடத்தைக் கவிழ்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓமன் வெயில் பரவாயில்லை.

அப்புறம் வீடு வீடாக நான் போக வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. பதினேழு வீடு. ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து கதை. மூன்றாவது வீட்டில் ஒரு ஜோக் சேர்க்கப் பார்த்தேன். பின்னால் நின்ற அக்கா, "நேராச் சொல்லு" என்றார். மீதி பதினாலு வீட்டிலும் நேராகச் சொன்னேன்.

ஐந்தாம் நாள்

வாட்ச்மேன் பெரியவர் என் பேச்சைக் கேட்கவில்லை, தெருப் பெண்கள் பத்துப் பேர் பேச்சைக் கேட்டார். ராணி அக்கா முன்னால் நின்றார். ஓனருக்குப் போன் போட்டுக் கொடுத்தார் பெரியவர். அக்கா ஐந்தே நிமிஷம் பேசினார். "எடுத்துடச் சொல்லிட்டாரு" என்று பெரியவரே ஏணி கொண்டுவந்தார். குழாயைத் திருப்பிவிட்டோம். நான் பெயிண்ட் டப்பாவைப் பிடுங்கி எறிந்து, போர் வாயைச் சிமெண்டு போட்டு மூடினேன். உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்கிறது. இன்ஜினீயரைப் போனில் கேட்டதற்கு, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள், அந்த அம்மாவின் மோட்டாரை ஓட்டாதீர்கள், சுத்தமாக எத்தனை வருஷம் ஆகும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள் என்றார்.

ஜாகீர் மோட்டாரைத் திரும்ப இறக்கவில்லை. குழாய்களை அக்கா வீட்டுச் சுவரோரமே அடுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினான். "சோதனைக்கு நான் குடுத்துக்கிறேன். நீ என்கைல சொல்லிருக்கலாம் மச்சான்" என்றான். அன்றைக்குப் பிரியாணி வரவில்லை.

ஆறாம் நாள்

கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தார். கையில் கட்டு. லாரித் தண்ணீரில்தான் இனி மாவு. "போய்ட்டுப் போன் பண்ணு" என்றார். வா என்று சொல்லவில்லை.

விமான நிலையத்தில் பைக்குள் இருந்த பாட்டிலைக் காவலர் வெளியே எடுத்தார். அதை மறந்தே போயிருந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்தியில் கேட்டார், "இது என்ன? ஜூஸா?"

"தண்ணி சார்."

"தண்ணீரென்றால் குடித்துக் காட்டு. இல்லையென்றால் அதோ அந்தத் தொட்டியில் கொட்டு."

தொட்டியைப் பார்த்தேன். அடியில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு குழாய் தரைக்குள் போனது.

"இது எங்க சார் போவும்?"

"எங்கேயோ போகும். உனக்கென்ன?"

அவர் சொன்னது இந்தி. எனக்கு என் குரலில்தான் கேட்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. யாரோ நேரமாகிறது என்றார்கள். நான் பாட்டில் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.